ஓட்டக்களத்து ரயர்ச் சோதனை

நம் கல்லூரி அன்னையின் விழா மலருக்குப் பாடக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருளொன்றையே தெரிந்தெடுப்போம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்டதோ மோட்டார் வண்டியின் ரயர். தமிழ் கற்பிப்போன் ரயரைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்; 1947-ஆம் ஆண்டு வெளிவந்த யாழ் நூலிலே இசையையும் கணிதத்தையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தவர். அம்மண்ணில் வாழும் நமக்குத் தமிழும் விஞ்ஞானமும் பகைப்புலங்கள் அல்ல.

இப்பொருளை யாம் எடுத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 2013-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், படுவான்கரைப் பாடசாலையொன்றில் நடந்த பேச்சுப் போட்டிக்கு மாணவன் ஒருவனை எம் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏற்றிச் சென்றோம். பரிசு பெற்று மகிழ்வோடு திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. வலையிறவை அடுத்த வளைவொன்றில் மாடொன்று குறுக்கே வர, யாம் பிறேக்கை அழுத்தினோம். மறுகணம் வண்டி ஒருபுறமும் நாங்கள் இருவரும் மறுபுறமுமாகக் கிடந்தோம். மாணவனின் வலக்கை முறிந்தது. மார்கழியில் நடைபெற்ற சாதாரண தரப் பரீட்சையை அவன் எழுத இயலவில்லை. ஓராண்டு பின்தங்கி எழுதினான். வைத்தியசாலை வாயிலில் அவன் தாயார், “புள்ள உசிரோட வந்ததே காணும் சேர்” என்றார். அவர் ஒருவரையும் குறை கூறவில்லை. ஆயினும் அவ்வண்டியின் பின்சில்லிலே வரிப்பள்ளம் முற்றாகத் தேய்ந்த பழைய ரயர் பூட்டியிருந்ததையும், அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றுவோம் என்று மூன்று மாதங்களாக ஒத்திவைத்திருந்ததையும் யாம் அறிவோம்.

அன்று தொடங்கி, சில்லுக்கும் நிலத்துக்கும் இடையே நிகழ்வது யாதெனப் பௌதிக ஆசிரிய நண்பரிடமும் நூல்களிடமும் கேட்டுக் கற்றோம். கற்றவற்றுள் மிகத் தெளிவானது, ஓட்டப்பந்தயக் களத்திலே உயர்வேக ரயர்களைச் சோதிக்கும் முறையாகும். அதனை ஈண்டு விளக்குவோம்.

பந்தயமே முதற் சோதனை

இறப்பர்ப் பாலினின்று பெற்ற பொருள் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். 1839-ஆம் ஆண்டு அமெரிக்கராகிய சாள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்தோடு சேர்த்து வெப்பமூட்டி உறுதியாக்கும் வழியைக் கண்டார். 1845-இல் ஸ்கொத்லாந்தினராகிய றொபேட் தொம்சன் காற்றடைத்த சில்லுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அது அக்காலத்தில் வழக்கில் நிலைக்கவில்லை. 1888-இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் டன்லொப் தம் மைந்தனின் முச்சில்லு வண்டிக்காக அதனை மீண்டும் கண்டு இயற்றினார்.

புதுமையை உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1889-இல் பெல்பாஸ்ற் நகரத்துச் சைக்கிளோட்டப் போட்டியிலே, வில்லி ஹியூம் என்பார் காற்றடைத்த ரயரோடு ஓடி வென்றார். அதன் பின்னரே பலரும் அதனை நாடினர். 1895-இல் பாரிசு நகரிலிருந்து போர்டோவுக்குச் சென்று மீளும் ஓட்டத்திலே மிஷலின் உடன்பிறந்தார் காற்றடைத்த ரயர் பூட்டிய மோட்டார் வண்டியைச் செலுத்தினர். வழிநெடுகப் பலமுறை காற்றுப் போயிற்று, பலமுறை ஒட்டினர், எனினும் ஓடி முடித்தனர். தோல்வி போலத் தோன்றிய அவ்வோட்டமே எவ்விடத்தில் ரயர் நலிகின்றது என்பதை அவர்களுக்குக் காட்டிற்று. ஆகவே பந்தயக் களம் ரயருக்குத் தொடக்க முதலே பரீட்சை மண்டபமாயிருந்தது என்க.

நம் அயலில் இதற்கு இடமாய் அமைந்தது சென்னை. அந்நகரின் வடபால் சோழவரத்திலே இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளமொன்று இருந்தது. போர் முடிந்தபின் அதன் ஓடுபாதைகளில் மோட்டார்ப் பந்தயங்கள் நிகழ்ந்தன. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் பல்லாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியபின், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலே தமக்கெனக் களம் அமைத்தனர். 1990-இல் திறக்கப்பட்ட அக்களம் ஏறக்குறைய 3.7 கிலோமீற்றர் நீளமும் 12 வளைவுகளும் உடையது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலே, பந்தய வண்டிகளை இயற்றிய கரிவரதன் என்பாரின் பெயரால் மற்றொரு களம் உண்டு. திருவொற்றியூரில் 1946-ஆம் ஆண்டு விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம் பின்னர் ரயர் இயற்றி வளர்ந்து, பந்தயத்துக்கும் ரயர் வழங்கலாயிற்று.

நம் நாட்டுக்கும் இதிற் பங்குண்டு. பிறேசில் நாட்டு வித்துக்களினின்று இலண்டன் கியூத் தோட்டத்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876-இல் இலங்கைக்கு வந்து, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1952-இல் சீனத்தோடு செய்த உடன்படிக்கையால் நம் இறப்பர் சென்றது, அரிசி வந்தது. நெல் விளைக்கும் நம் மட்டக்களப்பார் இவ்விரு பயிர்களின் உறவை எண்ணிப் பார்த்தல் தகும்.

உராய்வின் இயல்பு

பாடசாலையிலே உராய்வு பற்றிக் கற்பித்ததை நினைவுகூர்க. உராய்வு விசை அழுத்தும் பாரத்துக்கு நேர்விகித சமம். தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று. மரத்துக்கும் உலோகத்துக்கும் இவ்விதி பெரும்பாலும் பொருந்தும். இறப்பருக்கோ முழுதும் பொருந்துவதில்லை.

இறப்பர் நிலத்தைப் பற்றுவது இருவகையால். முதலாவது ஒட்டுதல்: இறப்பரின் மூலக்கூறுகள் பாதையின் மேற்பரப்போடு கணப்பொழுது பிணைந்து, பின் பிரிகின்றன. இரண்டாவது நெளிதல்: தெருக்கல்லின் சிறு முனைகளிலே இறப்பர் அமுங்கி, உடனே மீளாது சற்றுத் தாழ்த்து மீள்கின்றது. அத்தாழ்ப்பிலே சத்தி வெப்பமாகி இழக்கப்படுகின்றது. அவ்விழப்பே வழுக்கலுக்கு எதிரான தடையாகின்றது. மென்மையான இறப்பர் மிகுதியாக ஒட்டும், மிகுதியாக நெளியும். ஆனால் விரைவில் தேயும். ஒரு காரின் ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஒரு குடும்பம் கொழும்புக்குச் சென்று மீள்கின்றது.

பிறிதொரு விதியும் அறியத்தக்கது. ரயரின் பற்றுக்கு எல்லை உண்டு. பிறேக் பிடித்தலும் வளைவில் திரும்புதலும் அவ்வெல்லைக்குள்ளேயே பங்கிடப்படல் வேண்டும். இவை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமையும் விசைகளாதலின், செங்கோண முக்கோண விதியே இங்குச் செல்லும். பற்றின் முழு அளவு 10 எனின், பிறேக்குக்கு 8 செலவாகும்போது திரும்புவதற்கு 6 எஞ்சும். பிறேக்குக்கு 10 செலவானால் திரும்புவதற்கு ஒன்றும் எஞ்சாது. வலையிறவு வளைவிலே யாம் செய்தது இதுவே. திரும்பிக்கொண்டிருந்த சில்லிடம், இல்லாத பற்றைக் கேட்டோம்.

சோதனை செய்யும் முறை

களத்திலே சோதனை நடத்துவோர் முதலிற் கடைப்பிடிப்பது, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் என்னும் ஒழுங்காகும். அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே அளவு எரிபொருள். முதலில் ஒப்பீட்டு ரயரைப் பூட்டிச் சில சுற்றுக்கள் ஓடுவர்; பின் புதிய ரயரைப் பூட்டி ஓடுவர்; முடிவில் மீண்டும் ஒப்பீட்டு ரயரையே பூட்டி ஓடுவர். மும்முறை ஏன் என மாணவர் வினவுவர். வெயில் ஏறும்; பாதை சூடாகும்; ஓடிய ரயர்களின் இறப்பர் பாதையிற் படிந்து பற்று மிகும்; ஓட்டுநரும் பழகிக்கொள்வார். ஒப்பீட்டு ரயரின் முதல் ஓட்டத்துக்கும் இறுதி ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடே இம்மாற்றங்களின் அளவு. அதனைக் கழித்தாலன்றிப் புதிய ரயரின் சிறப்பு இதுவெனத் துணிதல் இயலாது. எந்த ரயர் பூட்டப்பட்டுள்ளது என்பதை ஓட்டுநருக்கு அறிவியாது ஓட்டுவிப்பதும் உண்டு. விருப்பு வெறுப்பு முடிவைக் கெடுத்தல் கூடாதன்றோ?

வண்டி வந்து நின்றவுடன், ஊசிமுனை வெப்பமானியை இறப்பருட் குத்தி, உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்றிடத்தும் வெப்பநிலையைக் குறிப்பர். நடு மிகச் சூடாயின் காற்று அதிகம். இரு விளிம்புகளும் சூடாயின் காற்றுக் குறைவு. ஒரு விளிம்பு மட்டும் மிகச் சூடாயின் சில்லின் சாய்வை நோக்குதல் வேண்டும். பந்தய ரயர் பலவும் ஏறக்குறைய 80 முதல் 110 பாகை வரையான வெப்பநிலையிலேயே நன்கு பற்றும். அதன் கீழ் இறப்பர் விறைத்திருக்கும். மேல் மிகையாகக் குழைந்து விரைவிற் கெடும்.

வெப்பநிலையோடு காற்றின் அமுக்கமும் ஏறும். 30 பாகையிலே சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல் காற்று அடைத்தோம் எனக் கொள்க. வளிமண்டல அமுக்கம் 14.7 இறாத்தலைக் கூட்ட 34.7 ஆகும். கெல்வின் அளவையில் 30 பாகை 303. 90 பாகை 363. 34.7-ஐ 363-ஆற் பெருக்கி 303-ஆல் வகுக்க 41.6 வரும். வளிமண்டல அமுக்கத்தைக் கழிக்க, மானி காட்டுவது ஏறக்குறைய 27 இறாத்தல். அடைத்த காற்றில் ஈரம் இருப்பின் ஏற்றம் இன்னும் கூடும். ஆதலாலேயே பந்தயத்தார் உலர்ந்த காற்றையோ நைதரசனையோ அடைக்கின்றனர்.

பக்கப் பற்றினை அளக்க எளிய வழியொன்றுண்டு. 30 மீற்றர் ஆரையுள்ள வட்டம் வரைந்து, வழுக்காது ஓடக்கூடிய மிகப்பெரும் வேகத்தில் வண்டியைச் சுற்றச் செய்வர். ஒரு சுற்றுக்கு 12 செக்கன் ஆயின், மையநோக்கிய ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 8.2 மீற்றர், அஃதாவது புவியீர்ப்பின் 0.84 பங்கு. இது நல்ல தெரு ரயரின் நிலை. 11 செக்கன் ஆயின் 9.8 மீற்றர், முழுப் புவியீர்ப்புக்குச் சமம். ஒரு செக்கன் வேறுபாட்டுக்குள் இரு ரயர்களின் குணமும் வெளிப்பட்டுவிடுகின்றது.

மழையும் ரயரும்

உலர்ந்த களத்தில் ஓடும் பந்தய ரயருக்கு வரிப்பள்ளம் இல்லை. மேற்றளம் வழுவழுவென இருக்கும். முழுப்பரப்பும் நிலத்தைத் தொடுவதால் பற்று மிகும். இதனைக் கேட்டு, “தேய்ந்த ரயரும் அப்படித்தானே, சேர்?” என்று வினவிய மாணவர் உளர். நல்ல வினா. பந்தய ரயர் புதிய மென்மையான இறப்பரால் ஆனது. தேய்ந்த தெரு ரயரோ வெயிலாலும் முதுமையாலும் இறுகியது. அன்றியும், மழை பெய்தவுடன் பந்தயத்தார் அவ்வழுவழுப்பான ரயரைக் கழற்றிவிடுகின்றனர். கழற்றாதவர் களத்தை விட்டு விலகுவர்.

வரிப்பள்ளத்தின் தொழில் நீரை வெளியேற்றுவதேயாம். போர்முலா ஒன்று வண்டியின் மழை ரயர் ஒன்று, மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்திலே செக்கனுக்கு ஏறக்குறைய 85 லீற்றர் நீரை அகற்றும் என அதனை இயற்றியோர் கூறுவர். நீர் விலக நேரம் போதாவிடின், அது ரயரின் முன் ஆப்புப்போல் நுழைந்து அதனை நிலத்தினின்று தூக்கிவிடும். தோணியானது வாவியில் மிதப்பது போல வண்டி தெருவில் மிதக்கும். சுக்கானும் பிறேக்கும் பயன்படா.

விமானச் சில்லுகளை ஆராய்ந்த அமெரிக்க நாசா அறிஞர் 1963-ஆம் ஆண்டளவில் இதற்கொரு கணக்கை வெளியிட்டனர். நீர் தேங்கிய தளத்திலே, ரயரின் அமுக்கத்தின் வர்க்கமூலத்தை 9-ஆற் பெருக்க, மிதக்கத் தொடங்கும் வேகம் நொட்டு அளவையிற் கிடைக்கும். 36 இறாத்தலாயின் 54 நொட்டு. மணிக்கு 100 கிலோமீற்றர். 25 இறாத்தலாயின் 45 நொட்டு. மணிக்கு 83 கிலோமீற்றர். காற்றுக் குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும் என்பது இதன் பொருள். மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தல் நன்று என்னும் ஊர்ப்பேச்சு பிழையென்பது இதனாற் போதரும்.

எம் விபத்துக்கு இம்மிதப்பே காரணமென யாமும் முதலில் நம்பினோம். பௌதிக நண்பர் மறுத்தார். யாம் சென்றது மணிக்கு 40 கிலோமீற்றர் அளவிலேயே. அவ்வேகத்தில் மோட்டார் சைக்கிளின் உருண்டை ரயர் மிதப்பது அரிது. அன்று வேலை செய்தது மெல்லிய நீர்ப்படலமும் வயற்சேறும். இறுகிய இறப்பர் அப்படலத்தைக் கிழித்து நிலத்தைப் பற்ற இயலவில்லை. அந்நிலையில் வளைவிலே பிறேக்கும் அழுத்தப்பட்டது. மழையின்மீது பழியைப் போட்டிருந்த எமக்கு அவ்விளக்கம் கசப்பாகவே இருந்தது. உண்மையாதலின் ஏற்றுக்கொண்டோம்.

நிறுத்தும் தூரத்தையும் கணித்துப் பார்க்க. வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகத்தினதும் புவியீர்ப்பினதும் பெருக்கத்தின் இருமடங்கால் வகுத்தல் வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில், குணகம் 0.8 ஆயின் ஏறக்குறைய 18 மீற்றர், 0.4 ஆயின் 35 மீற்றர். பற்றுப் பாதியானால் தூரம் இருமடங்கு. நல்ல ரயரோடு முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தை, தேய்ந்த ரயரோடு வரும் இரண்டாம் வண்டி இன்னும் மணிக்கு 42 கிலோமீற்றர் வேகத்திலே கடக்கும். அவ்விடத்தில் ஒரு பிள்ளை நின்றால் என்னாகும் என்பதைக் கணக்குச் சொல்லவேண்டியதில்லை.

சோதனை தவறிய இடம்

சோதனையின் அருமையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். 2005-ஆம் ஆண்டு ஆனி 19-இல் அமெரிக்காவின் இந்தியானாப்பொலிஸ் களத்திலே போர்முலா ஒன்று பந்தயம் நடைபெறவிருந்தது. பயிற்சி ஓட்டத்தில், சரிவாக உயர்த்தி அமைத்த 13-ஆம் வளைவிலே மிஷலின் ரயரொன்று கெட்டு வண்டி சுவரில் மோதிற்று. ஆராய்ந்த நிறுவனத்தார், அவ்வளைவில் வேகம் குறைக்கப்பட்டாலன்றித் தம் ரயர் பாதுகாப்பானதன்று என வெளிப்படையாக அறிவித்தனர். களத்தை மாற்ற உடன்பாடு ஏற்படவில்லை. பந்தய நாளிலே 20 வண்டிகளுள் அந்நிறுவனத்து ரயர் பூட்டிய 14-உம், தொடக்கச் சுற்று முடிந்தவுடன் களத்தை விட்டு நீங்கின. ஆறு வண்டிகளே ஓடின. பார்வையாளர் வெகுண்டனர், நிறுவனத்தின் பெயருக்கும் இழுக்கு வந்தது. ஆயினும் எவருடைய உயிரும் போகவில்லை. உலகம் காண, “எம் ரயர் இதற்குப் போதாது” என ஒப்புக்கொள்ள அவர்கட்கு இயன்றது. மூன்று மாதம் ஒத்திவைத்த எமக்கு அது இயலவில்லை.

நமக்குரிய பாடம்

பந்தயக் களம் நம் ஊரில் இல்லை. ஆயினும் ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு மாரி பொழியும் எழுவான்கரைத் தெருக்களும், சேறு படியும் படுவான்கரைப் பாதைகளும், கல்லடிப் பாலமும் நம் வண்டிகளை நாள்தோறும் சோதிக்கின்றன. ஆதலின் பின்வருவனவற்றை ஒவ்வொரு பழைய மாணவரும் தம் இல்லத்தில் செய்வாராக.

ஒன்று: வரிப்பள்ளத்தின் அடியிலே சிறு மேடுகள் உள்ளன. ரயர் தேய்ந்து அம்மேட்டோடு மட்டமானால் அதன் ஆயுள் முடிந்தது. கார் ரயரில் அம்மேட்டின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மழைநாட்டில் அவ்வெல்லை வருமுன்னரே மாற்றுவது நன்று.

இரண்டு: ரயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 எனின், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் இயற்றியது. பள்ளம் ஆழமாயிருந்தும் ஆண்டு பலவானால் இறப்பர் இறுகியிருக்கும். வெடிப்புத் தோன்றின் ஐயமே வேண்டா.

மூன்று: காற்றை, வண்டி ஓடிச் சூடாகுமுன் அளத்தல் வேண்டும். காரணம் மேலே கணக்கிற் கண்டோம்.

நான்கு: பிறேக்கை வளைவுக்கு முன்னரே பிடித்து, வேகத்தைக் குறைத்தபின் திரும்புதல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு செய்முறையும் கூறுவோம். பழைய ரயர்த் துண்டொன்றைச் செங்கல்லின் அடியிற் கட்டி, விற்றராசினால் சீமெந்துத் தரையில் ஒரே சீராக இழுத்துப் பார்க்க. இழுவிசையைப் பாரத்தால் வகுக்க உராய்வுக் குணகம் வரும். பின்னர் தரையை நனைத்தும், சேறு பூசியும் பார்க்க. வெறும் நீரில் வேறுபாடு சிறிதாகவே தோன்றலாம். மெல்ல இழுக்கையில் நீர் விலக நேரமுண்டு. சேற்றில் என்ன நிகழ்கின்றது என்பதை அவர்களே கண்டு எழுதுவார்களாக. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் என்னும் ஒழுங்கை மறவற்க.

கை முறிந்த அம்மாணவன் நலமாயுள்ளான். அண்மையில் எம் இல்லத்துக்கு வந்தவன், விடைபெறும்போது எம் மோட்டார் சைக்கிளின் அருகே குனிந்து, பின்சில்லின் வரிப்பள்ளத்தை விரல்நுனியால் தடவிப் பார்த்தான். ஒன்றும் கூறவில்லை. நிமிர்ந்து எம்மைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சென்றான். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற நாளினும் அன்று யாம் மகிழ்ந்தோம் எனின் மிகையாகாது.

கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் மக்கள் மழையிலும் பத்திரமாய் வீடு சேர்க.